வேலைக்குப் போய்க்கொண்டே ஜி.ஆர்.ஈ: யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுபவர்களுக்குக் கடைசி ஆறு வாரத் திட்டம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பட்டமேற்படிப்புக்குக் கேட்கும் ஆங்கிலமொழிப் பரீட்சையான ஜி.ஆர்.ஈ எழுத முடிவெடுத்தாயிற்று. கணக்குப் பகுதியை ஒருமுறை பார்த்து முடித்தாயிற்று, சொற்பட்டியலும் பாதிக்கு மேல் போய்விட்டது. பரீட்சைக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. ஆனால் காலை எட்டரைக்கு வேலையில் நிற்க வேண்டும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிநாட்டுப் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பலர் வங்கியிலோ பாடசாலையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டுதான் இந்தப் பரீட்சையை எழுதுகிறார்கள். வேலையை விட்டால்தான் நல்ல புள்ளி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடைசி வாரங்களில் புதிதாகப் படிப்பதால் கூடும் புள்ளி மிகக் கொஞ்சம். தெரிந்த விடயத்திலேயே விடுகிற பிழைகளைக் குறைத்தால்தான் புள்ளி ஏறும். அதற்கு நாள் முழுக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு இரண்டு நல்ல மணித்தியாலமும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

பரீட்சை இப்போது எப்படி இருக்கிறது

அண்ணாவோ அக்காவோ தந்த பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2023 செப்டெம்பரில் பரீட்சையைச் சுருக்கிவிட்டார்கள். முன்பு நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட இழுத்த பரீட்சை இப்போது 1 மணித்தியாலம் 58 நிமிடம். நடுவில் இடைவேளை கிடையாது.

முதலில் ஒரு கட்டுரை, 30 நிமிடம். பழைய புத்தகங்களில் இருக்கும் இரண்டாவது கட்டுரை, அதாவது பிறருடைய வாதத்தை ஆராயும் கட்டுரை, இப்போது இல்லை. அதற்காக ஒரு நாளும் செலவழிக்காதீர்கள். அப்புறம் வெர்பல், அதாவது ஆங்கிலச் சொல்லும் வாசிப்பும், இரண்டு பகுதி: 12 கேள்விக்கு 18 நிமிடம், 15 கேள்விக்கு 23 நிமிடம். குவான்ட், அதாவது கணக்கு, இரண்டு பகுதி: 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். வெர்பல், குவான்ட் ஒவ்வொன்றுக்கும் 130 முதல் 170 வரை புள்ளி. கட்டுரைக்கு 0 முதல் 6 வரை.

இரண்டு விடயம் முக்கியம். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. மற்றது, முதற்பகுதியில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் பகுதி எவ்வளவு கடினமாக வரும் என்பது தீர்மானமாகும். முதற்பகுதியில் கவனக்குறைவால் விடும் பிழைக்கு விலை அதிகம்.

திகதியும் பெயரும் காசும்

படிப்பைத் தொடங்கும் முன் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள்.

நீங்கள் விண்ணப்பிக்கும் துறை ஜி.ஆர்.ஈ கேட்கிறதா என்று துறையின் பக்கத்திலேயே பாருங்கள். 2020க்குப் பிறகு பல துறைகள் இதைக் கைவிட்டுவிட்டன, சில துறைகள் விரும்பினால் அனுப்பலாம் என்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குத் தேவைப்படாதது பொருளியலுக்குத் தேவைப்படலாம். நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

திகதியைக் கடைசி நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உத்தியோகபூர்வப் புள்ளி வர 8 முதல் 10 நாள் எடுக்கும். ஒருமுறை எழுதினால் 21 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். டிசம்பர் 15 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால், நவம்பர் முதல் வாரத்தில் எழுதுபவருக்கு இன்னொரு வாய்ப்புக் கையில் இருக்கும். நவம்பர் கடைசியில் எழுதுபவருக்கு அது இல்லை. திகதி மாற்ற வேண்டி வந்தால் பரீட்சைக்குக் குறைந்தது நாலு நாளுக்கு முன் மாற்ற வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இது உண்மையாகவே சிக்கல் தரும் இடம். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், பல்கலைக்கழகச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு இன்னொரு விதம். பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பதியுங்கள். குடும்பப்பெயர் என்ற இடத்தில் கடவுச்சீட்டு அப்பாவின் பெயரைக் காட்டினால் அங்கே அதுதான். ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் பரீட்சை நாளில் வாசலிலேயே பிரச்சினை வரும். கடவுச்சீட்டு முடியும் திகதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கட்டணம் டொலரில். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று கிளைக்குப் போய்க் கேளுங்கள். பல அட்டைகளில் நாமாகக் கேட்டால்தான் திறப்பார்கள்.

கொழும்பா, வீடா

பரீட்சை நிலையத்தில் எழுதுவது என்றால் கொழும்புக்குப் போக வேண்டும். வீட்டில் இருந்து கணினியில் எழுதவும் முடியும், கமரா வழியாகக் கண்காணிப்பாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் கேள்வி முறை ஒன்றுதான்.

வீட்டில் எழுதுபவருக்குப் பயணச் செலவும் லீவும் மிச்சம். ஆனால் நிபந்தனைகள் கடுமை. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், மேசையும் கதிரையும் வேண்டும், கட்டிலில் இருந்து எழுத முடியாது. காதில் ஹெட்போன் போட முடியாது. சாதாரணக் கடதாசியில் குறிப்பெடுக்கவும் முடியாது. சிறிய வெள்ளைப் பலகையோ, ஒளி ஊடுபுகும் உறைக்குள் வைத்த ஒற்றைத் தாளோ, அதோடு அழிக்கக்கூடிய மார்க்கர் பேனையும் வைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் எழுதிக் கணக்குச் செய்வது பேனை பிடித்துப் பழகிய கைக்கு முதலில் ஒத்துவராது. வீட்டுப் பரீட்சையைத் தெரிவுசெய்தால் இன்றைக்கே பலகையை வாங்கி, எல்லாப் பயிற்சியையும் அதிலேயே செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய விடயம் ஊர்ச்சூழல். பலர் எழுதும் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இங்கே மாரி. பின்னேரத்தில் இடி மின்னலோடு மழை இறங்கும், கரண்ட் போகும், இணையம் விழும். வீட்டில் எழுதுவதானால் காலை நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். மடிக்கணினியின் பற்றரி இரண்டரை மணித்தியாலமாவது தாங்குகிறதா என்று முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். ரவுட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ் போடுங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழாவா, கந்தசஷ்டியா என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டுத் திகதி எடுங்கள். ஒலிபெருக்கி கட்டினால் அறைக் கதவைச் சாத்திப் பயனில்லை. ஓகஸ்டில் எழுதுபவர்களுக்கு நல்லூர்த் திருவிழா 25 நாள். கோயிலைச் சுற்றி வீதிகள் மூடப்பட்டிருக்கும், வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து நிற்பார்கள்.

என்னைக் கேட்டால், வீட்டில் தனியறையும் நிலையான இணையமும் உள்ளவர் வீட்டில் எழுதலாம். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் கொழும்புக்குப் போவதே நல்லது. இணையம் அறுந்துவிடுமோ என்ற யோசனையோடு வாசிப்புப் பந்தி ஒன்றை விளங்கிக்கொள்ள முடியாது.

கொழும்புக்குப் போகிறவர்கள் இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே பரீட்சைக்குப் போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள். 400 கிலோமீற்றர் இருந்துகொண்டு போன உடம்புக்கு இரண்டு மணித்தியாலம் இடைவேளை இல்லாமல் யோசிக்க முடியாது. முந்திய நாள் பகல் ரயிலில் போங்கள். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தங்கினால் நம் சாப்பாடு கிடைக்கும், வயிற்றுக்குப் பழக்கமானதைச் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குப் படுக்கலாம்.

முதல் ஞாயிறு: எங்கே நிற்கிறீர்கள் என்று பார்ப்பது

பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ் நிறுவனம் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. உண்மைப் பரீட்சைக்கு மிக நெருக்கமானவை இவைதான். ஒன்றை இப்போது செய்யுங்கள். மற்றதைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது செய்ய வைத்திருங்கள். இரண்டையும் முதல் வாரத்திலேயே செய்து முடித்துவிட்டு, பிறகு கையில் நல்ல அளவுகோல் இல்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

மாதிரிப் பரீட்சை என்றால் பரீட்சை மாதிரியே செய்ய வேண்டும். கட்டுரையைத் தவிர்க்கக் கூடாது, இடையில் எழும்பக் கூடாது, போன் வேறு அறையில் இருக்க வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் பொது நூலகத்தின் வாசிப்புப் பகுதியிலோ, விடுமுறை நாளில் ஆளில்லாத ஓர் அலுவலக அறையிலோ இருந்து செய்யலாம். ஒவ்வொரு மாதமும் ஒரு பொயா விடுமுறை வரும். அதையும் இதற்கே ஒதுக்குங்கள்.

பிழைக் கொப்பி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு சீ.ஆர் கொப்பி வாங்குங்கள். மாதிரிப் பரீட்சையிலும் பயிற்சியிலும் பிழைத்த ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதுங்கள். விளக்கத்தை அப்படியே பார்த்து எழுதுவதில் பயனில்லை. ஏன் பிழைத்தது என்பதை உங்கள் சொந்த வசனத்தில் ஒரே வரியில் எழுத வேண்டும். “கவனக்குறைவு” என்று எழுதுவது தடை. அது ஒன்றையும் சொல்லாது. “முழுவெண் என்று கேள்வி சொல்லவில்லை, நான் அப்படி எடுத்துக்கொண்டேன்”, “ஆரத்தைக் கேட்டார்கள், விட்டத்தைக் கொடுத்தேன்”, “இரண்டாவது வெற்றிடத்தைப் பார்க்காமல் முதலாவதை நிரப்பினேன்” என்று எழுதுங்கள். குருட்டாம்போக்கில் போட்டுச் சரிவந்த கேள்விகளும் கொப்பிக்குள் வர வேண்டும். அடுத்த முறை அவை சரிவராது.

பிறகு மூன்று நாள் கழித்து அதே கேள்வியை விடை பார்க்காமல் திரும்பச் செய்யுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும். இரண்டு முறையும் சரியாக வந்தால் அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் கொப்பி பேசத் தொடங்கும். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர்களின் கொப்பியில் பெரும்பாலும் கடினமான கணக்கு இருக்காது. இலகுவானதைச் சமன்பாடு போட்டு நீட்டி நேரம் விட்டதும், கேள்வியை முழுக்க வாசிக்காததும்தான் இருக்கும். இரு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் இது நன்றாகத் தெரியும். ஓர் எண்ணும் அதன் வர்க்கமும் தந்து எது பெரியது என்று கேட்டால், 2 போட்டுப் பார்த்துவிட்டு வர்க்கம்தான் பெரியது என்று குறித்துவிடுவார்கள். அரை போட்டுப் பார்த்தால் எண் பெரியது, 1 போட்டால் இரண்டும் சமம். ஆக, தீர்மானிக்க முடியாது என்பதே விடை. இந்த வகைக் கேள்வியில் எப்போதும் 0, 1, ஒரு பின்னம், ஒரு மறை எண் என்று நாலையும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். கேத்திரகணித உருவங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று நம்பக் கூடாது. வரைபுகளும் தரவுப் படங்களும் மட்டும் அளவுப்படி இருக்கும்.

கலைப்பிரிவிலோ உயிரியல் பிரிவிலோ வந்தவர்களுக்குச் சதவீதமும் நிகழ்தகவும் எண்களின் இயல்புகளும்தான் அடிக்கடி கொப்பியில் வரும். விலையை 20 சதவீதம் கூட்டிப் பிறகு 20 சதவீதம் குறைத்தால் பழைய விலைக்கே வரும் என்று கை தானாக எழுதும். உண்மையில் 4 சதவீதம் குறைந்திருக்கும். இவர்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், பரீட்சையில் வரும் கணிதம் சாதாரணதர மட்டத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. நுண்கணிதம் கிடையாது.

தமிழ் மூலம் கணிதம் படித்த எல்லோரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். இடையம், ஆகாரம், நியமவிலகல், மீதி, முதன்மை எண், தொடர்ந்துவரும் முழுவெண்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவை எல்லாம் கேள்வியில் ஆங்கிலத்தில் வரும்போது அரை நொடி தடுக்கும். ஒரு பகுதி முழுக்க அந்த அரை நொடிகள் சேர்ந்தால் ஒரு கேள்விக்கான நேரம் போய்விடும்.

வேலை நாட்கள்

கடினமானதைக் காலையில் செய்யுங்கள். நாலரைக்கு எழும்பினால் ஆறரை வரை இரண்டு மணித்தியாலம் கிடைக்கும், வீட்டில் அந்த நேரத்தில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் குவான்ட், ஒரு நாள் வெர்பல் என்று மாற்றி மாற்றி, நேரம் வைத்து ஒரு முழுப் பகுதியைச் செய்யுங்கள். குவான்ட்டில் கேள்விக்கு ஒன்றேமுக்கால் நிமிடம், வெர்பலில் ஒன்றரை நிமிடம் என்பது கணக்கு. மிச்ச நேரம் பிழைக் கொப்பிக்கு. 20 நிமிடம் செய்தால் 40 நிமிடம் திருத்துங்கள்.

வேலை முடிந்து வந்த மூளைக்குப் புதிய கணக்குக் கொடுக்காதீர்கள். மாலையில் பழைய பிழைகளைத் திரும்பச் செய்வதும் வாசிப்பதும் போதும். பருத்தித்துறையில் இருந்தோ சாவகச்சேரியில் இருந்தோ பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சொல் படிக்க அதுவே நல்ல இடம்.

சொல் என்று சொன்னதால் ஒன்று: பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதுச் சொற்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே படித்தவற்றை வசனத்துக்குள் அடையாளம் காணப் பழகுங்கள். வெற்றிடம் நிரப்பும் கேள்வியில் விடைகளைப் பார்க்கும் முன், வெற்றிடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று தமிழிலேயே மனதில் சொல்லிப் பாருங்கள். பிறகு விடைகளுக்குப் போங்கள். இரண்டு மூன்று வெற்றிடங்கள் உள்ள கேள்வியில் எல்லாம் சரியாக வந்தால்தான் புள்ளி, பாதிக்குப் பாதி கிடையாது. ஆகவே மூன்று வெற்றிடக் கேள்வியில் தடுமாறினால் அதைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதே பகுதிக்குள் திரும்பி வரலாம்.

வாசிப்புப் பந்திகள்தான் நம்மில் பலருக்கு உண்மையான தடை. ஆங்கிலம் தெரியும், ஆனால் அறிவியல் வரலாறு பற்றியோ ஓவியம் பற்றியோ நெருக்கமாக எழுதிய ஆங்கிலம் பழக்கமில்லை. தினமும் அப்படி ஒரு பந்தியை வாசித்து, ஆசிரியர் என்ன சொல்கிறார், யாருக்கு மறுப்புச் சொல்கிறார் என்று இரண்டு வரியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வீட்டாரிடமும் அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஆறு வாரத்துக்குள் ஒரு கலியாணம், ஒரு சாமத்திய வீடு, ஓர் அந்தியேட்டி வராமல் போகாது. செத்தவீட்டுக்குக் கட்டாயம் போங்கள், அதைப் பரீட்சைக்காகத் தவிர்ப்பது சரியில்லை. கலியாணத்துக்குத் தாலிகட்டு நேரம் தலை காட்டிவிட்டு வந்தால் போதும் என்று அம்மாவிடம் இப்போதே பேசிவையுங்கள். லீவை முழு வாரமாக எடுக்க வேண்டாம். பரீட்சை நாளும் அதற்கு முந்திய நாளும் போதும்.

கட்டுரை

வாரத்துக்கு ஒன்று, மொத்தம் நாலைந்து எழுதினால் போதும். கட்டுரைத் தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் ஈ.டி.எஸ் தன் தளத்திலேயே வெளியிட்டிருக்கிறது. தலைப்பின் கீழே வரும் அறிவுறுத்தலை வாசியுங்கள். எதிர்க்கருத்துக்குப் பதில் சொல் என்று கேட்டால் சொல்ல வேண்டும். கட்டாயம் கணினியில் தட்டச்சுச் செய்து பழகுங்கள், அங்கே எழுத்துப்பிழை காட்டும் வசதி இல்லை.

எடுத்துக்காட்டுக்கு எல்லோரும் எழுதும் அதே பெரிய மனிதர்களைத் தேட வேண்டாம். நம்மிடமே நல்லவை இருக்கின்றன. உடனடித் தேவைகள் இருக்கும்போது அரசு பண்பாட்டுக்குச் செலவழிக்கலாமா என்ற தலைப்புக்கு, 1981இல் எரிக்கப்பட்டு 2003இல் மீண்டும் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வைத்து இரு பக்கமும் வாதிடலாம். இன்றைய பயனா நாளைய நலனா என்ற தலைப்புக்குக் குடாநாட்டின் கிணறுகள் இருக்கின்றன: சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இவற்றை முன்பே ஆங்கிலத்தில் ஐந்தாறு வசனமாக எழுதிப் பாருங்கள்.

கடைசிப் பத்து நாள்

இரண்டாவது பவர்பிரெப்பை இப்போது செய்யுங்கள், உங்கள் பரீட்சை எத்தனை மணிக்கோ அதே மணிக்கு. புள்ளி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் திகதியை மாற்ற இன்னும் நேரம் இருக்கும். ஒன்றிரண்டு புள்ளி கூடக்குறைய வருவது வழமை, அதற்காக மாற்ற வேண்டாம்.

அதன் பிறகு புதுக் கேள்விகள் வேண்டாம். கொப்பியில் கோடு போடாத பக்கங்கள் மட்டும். நித்திரையைக் குறைக்காதீர்கள். வீட்டில் எழுதுபவர்கள் கணினிச் சோதனையைப் பரீட்சை நடக்கும் அதே அறையில், அதே இணையத்தில் செய்து பார்க்க வேண்டும். அலுவலக மடிக்கணினி வேண்டாம், அதில் உள்ள பாதுகாப்பு மென்பொருள் பரீட்சைச் செயலியைத் தடுக்கலாம்.

பரீட்சை நாளும் பிறகும்

நிலையத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். கடவுச்சீட்டைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாது. குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் அவர்களே தருவார்கள், கல்குலேட்டர் திரையில் வரும். இடைவேளை இல்லாததால் போகும் முன் தேநீரைக் கொஞ்சமாகக் குடியுங்கள். இடையில் எழும்பினால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

முடிந்ததும், புள்ளியை ஏற்பதா இரத்துச் செய்வதா என்று கேட்பார்கள். மனது சரியில்லாமல் இருக்கும் அந்த நேரத்தில் இரத்துச் செய்யாதீர்கள். ஏற்றால் வெர்பல், குவான்ட் புள்ளி அப்போதே திரையில் தெரியும். எந்தப் பரீட்சையின் புள்ளியை அனுப்புவது என்று பிறகு நீங்களே தெரிவுசெய்யலாம். பரீட்சைக் கட்டணத்துக்குள்ளேயே நாலு பல்கலைக்கழகங்களுக்குப் புள்ளி அனுப்ப முடியும், அதனால் அந்த நாலு பெயரையும் துறையோடு முன்பே முடிவுசெய்து வைத்திருங்கள். புள்ளி 5 ஆண்டுக்குச் செல்லும். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டாலும் அடுத்த வருடம் அதையே பயன்படுத்தலாம்.

வீடு திரும்பியதும் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன விரிவுரையாளர்களுக்குக் கடைசித் திகதியை நினைவூட்டி எழுதுங்கள். பல்கலைக்கழகப் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், லீவு எடுத்த அந்த வாரத்திலேயே போய்க் கொடுத்துவிடுங்கள்.